ஓடும் வீடும் எரியும் அடுப்பும்

தடை என்றொரு சொல் இருக்கிறதே, அது அதிகாரத்தில் இருப்போருக்கு மிகமிகப் பிடித்தமான சொல். அச்சிடச் செலவு அதிகமில்லை. ஒட்டுவதற்குக் கொஞ்சம் பசை போதும். ஒட்டிவிட்டால் கடமை முடிந்தது! தீப்பற்றும் பொருளைக் கொண்டுவராதீர் என்று இரயில் பெட்டியிலே எழுதியிருக்கிறது. எழுதியது தவறென்று சொல்லவில்லை, எழுதத்தான் வேண்டும். ஆனால் எழுத்தைப் படித்துவிட்டுச் சிலிண்டர் தானாகவே வண்டியைவிட்டு இறங்கி நடந்து போய்விடுமா?

மதுரை மறக்கவில்லை அந்த விடியற்காலையை. 2023-ஆம் ஆண்டு, ஆகஸ்ட் 26. மணி ஐந்தேகால். லக்னோவிலிருந்து 17-ஆம் தேதி புறப்பட்ட சுற்றுலாப் பெட்டி ஒன்று, நாகர்கோவிலிலே புனலூர் – மதுரை வண்டியோடு கோக்கப்பட்டு, மதுரைக்கு வந்து, கழற்றித் தனியே நிறுத்தப்பட்டிருந்தது. உள்ளே ஏறத்தாழ அறுபது பேர். கோயில் குளம் காண வந்த வடபுலத்து மக்கள்; முதியோர் பலர். விடியுமுன் சூடாக ஏதேனும் குடிக்கலாமே என்று அடுப்பு மூட்டப்பட்டது. மூண்டது தேநீருக்கான தீ அல்ல! பெட்டியே பற்றி எரிந்தது. ஒன்பது பேர் மாண்டனர்.

நம் மண்ணைப் பார்க்க வந்தவர்கள், நம் மண்ணிலே கருகினார்கள். அவர்கள் மொழி வேறு, ஊர் வேறு. சாம்பலுக்கு மொழி ஏது, ஊர் ஏது?

சிலிண்டரைச் சட்டத்துக்குப் புறம்பாக ஏற்றி வந்தார்கள் என்றது இரயில்வே. உண்மைதான். 1989-ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 164-ஆம் பிரிவு, இப்படிப்பட்ட ஆபத்துப் பொருளை ஏற்றினால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று வகுத்திருந்தது. சுற்றுலா நிறுவன ஊழியர்கள் கைது செய்யப்பட்டார்கள். ஆனால், எரிந்த பெட்டியருகே என்னென்ன கிடந்தன என்று அன்றைய செய்திகளைப் புரட்டிப் பாருங்கள். சிலிண்டர்! பாத்திரங்கள்! மூட்டை உருளைக்கிழங்கு! விறகு! இவையெல்லாம் சட்டைப் பையிலே மறைத்துக் கொண்டு போகக்கூடிய சரக்குகளா? ஒன்பது நாள் ஓடிய பெட்டியிலே, பயணச் சீட்டு இல்லாத ஒருவன் ஏறியிருந்தால் எத்தனை கண்கள் பார்த்திருக்கும்! சமையற்கூடமே ஏறியிருந்தது. பார்க்க ஒரு கண் இல்லை.

இரயில் பெட்டிக்குள்ளே எரிவாயு கூடாது, கூடவே கூடாது. அதிலே எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. நான் பேச வந்தது சாலையைப் பற்றி. அங்கே ஓடுகிற வண்டியிலே அடுப்பு இருக்கிறது, நேற்றும் இருந்தது, நாளையும் இருக்கும். மறைக்க முடியுமா? நாமக்கல் லாரி மராட்டியத்துக்கும் குஜராத்துக்கும் போகிறது. ஓட்டுகிற தோழர் வழியோர ஓட்டலிலே மூன்று வேளையும் தின்றால், படிக்காசு அங்கேயே கரைந்துவிடும், வயிறும் கெட்டுவிடும். ஆகவே சின்ன சிலிண்டர், ஒற்றை அடுப்பு, ஒரு சட்டி. மரத்தடியிலே வண்டியை ஓரங்கட்டி, சோறு பொங்கி, பருப்பு வேகவைத்து, அரைமணி நேரம் கண்ணயர்ந்து, மறுபடி பயணம். யாத்திரைக்குப் போகும் வேனிலே பின்னிருக்கைக்குப் பின்னால் சாக்கு போட்டு மூடிய சிலிண்டர். தள்ளுவண்டியாக இருந்த தின்பண்டக் கடை இப்போது மோட்டார் வண்டியாகிவிட்டது; அதிலும் சிலிண்டர்.

இது போக, கேரவன்! அந்தச் சொல்லைக் கேட்டதும் திரைப்பட நட்சத்திரம்தான் நினைவுக்கு வருவார். படப்பிடிப்புத் தளத்திலே குளுகுளு அறை, நிலைக்கண்ணாடி, சாய்வு நாற்காலி. அந்தக் காலம் மாறி, குடும்பத்தோடு ஏறி ஊர் சுற்றும் ஓடும் வீடாக அது வந்துகொண்டிருக்கிறது. அண்டை மாநிலமான கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலா என்றே ஒரு திட்டம் அறிவித்தது. படுக்கை உண்டு, குளியலறை உண்டு, சமையல் மேடை உண்டு. கட்டுகிறவர் யார்? கரூரிலே பேருந்துக்குப் பாடி கட்டுகிற கைகளுக்கு இந்த வேலையும் வரும். வெல்டிங் தெரியும், தச்சு தெரியும், மின்கம்பி இழுக்கத் தெரியும். எரிவாயுக் குழாய் இழுக்கச் சொல்லிக் கொடுத்தவர் யார்? அதைத்தான் கேட்கிறேன்.

வீட்டு அடுப்பங்கரையிலே பொருத்துகிறமே, அதைப்போல வண்டியிலும் பொருத்திவிடலாம் என்று எண்ணுகிறார்கள். ஆபத்து அந்த எண்ணத்திலேதான் பிறக்கிறது. வீடு நிற்கிறது, வண்டி குலுங்குகிறது. வீட்டுக்குக் கதவு, சன்னல், கூடம், தாழ்வாரம். வண்டிக்கு நான்கு பக்கமும் தகரம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதை முதலில் மனத்திலே பதியுங்கள். புரொப்பேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரு மடங்கு. புகையைப்போல மேலே போகாது. தண்ணீரைப்போலத் தரையிலே படியும், பள்ளம் தேடும், இருக்கைக்கு அடியிலே போய்ப் பதுங்கும். தனக்கென்று மணமில்லாத அந்த வாயுவுக்கு, கசிந்தால் தெரியட்டும் என்றுதான் ஒரு துர்நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்கள். ஆனால் நாற்றம் மூக்குக்கு எட்ட வேண்டுமே! மேல் படுக்கையிலே தூங்குகிறவனுக்கு, தரையிலே தேங்கும் வாயு எப்போது எட்டும்?

கணக்கொன்று சொல்கிறேன், கேளுங்கள். சிலிண்டருக்குள்ளே இருப்பது நீர்மம். அது ஒரு லிட்டர் வெளியே வந்தால் ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாக விரியும். காற்றிலே நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பொறிக்காகக் காத்திருக்கும். ஆறு மீட்டர் நீளம், ஆள் நிற்கும் உயரம் உள்ள ஒரு வேனின் உட்புறம் சுமார் இருபது கன மீட்டர். அதை முழுதும் வெடிகலவையாக்க எவ்வளவு வாயு தேவை தெரியுமா? ஒரு கிலோவுக்கும் குறைவு! வீட்டுச் சிலிண்டரிலே இருப்பது 14.2 கிலோ. அதுவும் வீட்டுக்கென்று வழங்கிய சிலிண்டரை வண்டித் தொழிலுக்கு வைப்பதே சட்டப்படி குற்றம். குற்றமென்று தெரிந்தும் அதைத்தான் ஏற்றுகிறார்கள், எளிதிலே கிடைப்பது அதுதான் என்பதாலே.

இதற்கு மேலைநாட்டார் கண்ட வழி என்ன? அங்கே ஓடும் வீடு புதுமையல்ல. கோடை வந்தால் குடும்பம் குடும்பமாகக் கிளம்புகிறார்கள். அவர்கள் எரிவாயுவைத் தடுக்கவில்லை. அதற்கு ஓர் அறை கட்டினார்கள்! வண்டியின் பக்கவாட்டிலே ஒரு பெட்டி. கதவு வெளிப்புறம் மட்டுமே திறக்கும். வீட்டின் உட்புறத்தோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை; இடுக்கெல்லாம் இரப்பர் வைத்து அடைத்திருக்கும். அதன் அடித்தளத்திலே ஒரு திறப்பு. நேரே கீழே, வெட்டவெளிக்கு. கசிந்தால் வாயு உள்ளே வராது, தெருவிலே இறங்கிக் காற்றோடு கலந்துவிடும். ஐரோப்பிய விதிப்படி, அடியில் மட்டும் திறப்பு வைத்தால் அது நூறு சதுர சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. பத்துக்குப் பத்து, உள்ளங்கை அகலம். எலி நுழையாமல் வலை போட்டுக்கொள்ளலாம், துணி வைத்து அடைக்கக்கூடாது. மழையிலே சேறு தெறிக்கிறது என்று சாக்குத் திணிக்கிறவரைக் கண்டால் கையைப் பிடித்துத் தடுங்கள்.

ஓர் உள்ளங்கை அகல ஓட்டை, தோழர்களே! தங்கத்தால் செய்ய வேண்டுமா? வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டுமா? கரூர்ப் பட்டறையிலே கால்மணி நேர வேலை.

அந்தத் திறப்பு புகைபோக்கிக் குழாய்க்கு அருகே வரக்கூடாது. பெட்டிக்குள்ளே பாட்டரி வைக்கக்கூடாது, சுவிட்சு வைக்கக்கூடாது, பொறி பறக்கும் எதுவும் கூடாது. இடம் மிச்சமாகிறதே என்று ஜாக்கியும் ஸ்பானரும் போட்டு வைக்கிற வழக்கமும் கூடாது. சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும். படுக்க வைத்தால் வாயுவுக்குப் பதில் நீர்மமே குழாயிலே பாயும்; அடுப்பிலே எரிவது சுடராக இருக்காது, தீப்பந்தமாக இருக்கும். நிற்கிற சிலிண்டரை வண்டிச் சட்டத்தோடு பட்டையால் இறுக்கிக் கட்ட வேண்டும், மேலே ஒன்று, கீழே ஒன்று. கயிறு போதாது. இரும்பும் வாயுவும் சேர்ந்து முப்பது கிலோ எடை. அறுபது மைல் வேகத்திலே பிரேக் அடித்தால் அது எங்கே பாயும், யார் முதுகிலே பாயும் என்று எண்ணிப் பாருங்கள்.

குழாய்க்கு வருவோம். சிலிண்டரிலிருந்து பெட்டியின் சுவர் வரை மட்டும் இரப்பர்க் குழாய், எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. அதற்குமேல் செம்பு, அல்லது எஃகு. வண்டி முழுதும் இரப்பரையே நாகப்பாம்பு போல் வளைத்து இழுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இருக்கைக்கால் அழுத்தும், எலி கடிக்கும், என்ஜின் சூடு உருக்கும். செம்புக் குழாயை அரை மீட்டருக்கு ஒரு பிடி போட்டு நிறுத்த வேண்டும். இல்லையேல் குலுங்கிக் குலுங்கி மூட்டு தளரும். தகரத்தைத் துளைத்துச் செல்லும் இடத்திலே இரப்பர் வளையம் வேண்டும். வெறுந்தகரம் அரத்தைப்போல் தேய்க்கும். ஒவ்வோர் அடுப்புக்கும் தனித்தனி வால்வு. அடுப்போ, சுடர் அணைந்தால் தானே வாயுவை நிறுத்திக்கொள்ளும் வகையாக இருக்கட்டும். காற்று வீசிச் சுடர் அணைவது வண்டியிலே அன்றாடம் நடப்பது. அணைந்தது தெரியாமல் வாயு வந்துகொண்டே இருப்பதுதான் கொல்லும்.

இரப்பர்க் குழாய்க்கும் ஆயுள் உண்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்று எரிவாயு நிறுவனங்களே சொல்கின்றன. சிலிண்டருக்கும் உண்டு. கழுத்துப் பட்டையிலே ஏ, பி, சி, டி என்ற எழுத்தொன்றும் ஆண்டைக் குறிக்கும் இரண்டு இலக்கமும் பொறித்திருக்கும். ஏ என்றால் மார்ச், பி என்றால் ஜூன், சி என்றால் செப்டம்பர், டி என்றால் டிசம்பர். பி-யும் 27-ம் இருந்தால், 2027 ஜூனுக்குள் மறுசோதனை ஆக வேண்டிய சிலிண்டர். தேதி கடந்ததைக் கொண்டுவந்து தந்தால், வேண்டாம் என்று திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு. எத்தனை வீட்டிலே பார்க்கிறோம்? கொண்டுவருகிற தோழர் நான்கு மாடி தூக்கி வந்திருக்கிறாரே என்ற இரக்கத்திலே வாங்கி வைத்துவிடுகிறோம். இரக்கம் நல்லது, பார்த்துவிட்டு இரங்கலாம்.

எல்லாம் பொருத்தியபின் கசிவு பார்க்க வேண்டும். சோப்புத் தண்ணீரை மூட்டுகளிலே தடவினால், கசிகிற இடத்திலே குமிழி கிளம்பும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற வீரரும் நாட்டிலே இருக்கிறார். அவரைப் பட்டறைக்குள் விடாதீர்கள். வண்டி ஓடும்போது சிலிண்டரின் வால்வு மூடியே இருக்கட்டும். சமையல், வண்டி நின்ற பிறகு, கதவு திறந்த பிறகு.

இன்னோர் எதிரி உண்டு. வாயுவுக்காவது நாற்றம் இருக்கிறது. இவனுக்கு அதுவும் இல்லை. கார்பன் மோனாக்சைடு! எது எரிந்தாலும், காற்று போதாமல் எரிந்தால், இவன் பிறப்பான். 2024 டிசம்பரிலே, கேரளத்து வடகரையிலே, சாலையோரம் நின்ற ஒரு கேரவனுக்குள்ளே இருவர் பிணமாகக் கிடந்தார்கள். பயணம் வந்த பணக்காரர்கள் அல்லர்; வண்டியை ஓட்டி வந்தவர் ஒருவர், உடன் வேலை பார்த்தவர் ஒருவர். குளிர்சாதனம் ஓட ஜெனரேட்டரை ஓடவிட்டுக் கண்ணயர்ந்திருக்கிறார்கள். நிபுணர்கள் வந்து அந்த வண்டியிலேயே சோதித்துப் பார்த்து, ஜெனரேட்டரிலிருந்து கிளம்பிய கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததே காரணம் என்று கண்டார்கள். சத்தமில்லை, தீயில்லை, தகிப்பில்லை. தூக்கம் அப்படியே நீண்டுவிட்டது.

பாருங்கள் விந்தையை! சிலிண்டர்ப் பெட்டியின் அடியிலே ஓட்டை இல்லையென்றால் சாவு. புகை வருகிற பக்கம் தரையிலே ஓட்டை இருந்தால் சாவு. எதைத் திறப்பது, எதை அடைப்பது என்ற அறிவுதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி. படுக்கும் இடத்துக்கு மேலும் கீழும் அடைக்க முடியாத காற்றுவழி வேண்டும். குளிருக்காக அடுப்பை எரியவிட்டுக் கதவைச் சாத்திப் படுப்பது நீலகிரிப் பக்கம் போகிறவர்கள் செய்கிற பிழை. அது தற்கொலைக்குச் சமம். மோனாக்சைடு கண்டால் கூவுகிற சிறு கருவி கடையிலே விற்கிறது. கேரவனுக்குப் பட்டு மெத்தையும் பளிங்கு மேடையும் போடப் பணம் இருக்கிறவர், அந்தக் கருவிக்கு மட்டும் கையைக் கட்டிக்கொள்கிறார்.

இவ்வளவையும் பட்டறையிலே நிற்கிற தொழிலாளிக்குச் சொல்லித் தருகிறார்களா? முதலாளி வரைபடம் காட்டுகிறார். மேடை இங்கே, அடுப்பு அங்கே, சிலிண்டர் கட்டிலுக்குக் கீழே. கட்டிலுக்குக் கீழே! இடம் மிச்சம், காசு மிச்சம். வேண்டாம் ஐயா என்று சொல்லத் தெரிந்த தொழிலாளி நூற்றிலே ஒருவர் இருந்தால், சொல்லத் துணிகிறவர் ஆயிரத்திலே ஒருவர். சொன்னால் அடுத்த வாரம் வேலை இருக்குமோ இருக்காதோ. தீ பிடித்தால் மட்டும், பொருத்தியவன் யார், சமைத்தவன் யார், ஓட்டியவன் யார் என்று தேடுவார்கள். கட்டிலுக்குக் கீழே வை என்று சொன்னவரின் பெயர் எந்தத் தாளிலும் இராது.

ஆகவேதான், தொழிலாளி சொல்ல வேண்டியதைச் சட்டம் சொல்ல வேண்டும் என்கிறேன். ஜெர்மனியிலே ஓடும் வீடுகளின் எரிவாயு அமைப்பை இரண்டாண்டுக்கு ஒருமுறை அறிந்தவர் வந்து சோதிக்கிறார். 2025 ஜூன் முதல் அதைச் சட்டப்படியே கட்டாயமாக்கிவிட்டார்கள். நம்மிடம் அதற்குப் புதிய அலுவலகம் திறக்க வேண்டியதில்லை. வாடகை வண்டி ஒவ்வொன்றும் எஃப்.சி.க்குப் போகத்தானே வேண்டும்? விளக்கு எரிகிறதா, பிரேக் பிடிக்கிறதா, டயர் தேய்ந்ததா என்று பார்க்கிற இடத்திலே, அடுப்பு இருக்கிறதா என்று ஒரு கேள்வி. இருந்தால் பெட்டியைத் திறந்து அடித்திறப்பைப் பார்ப்பது, பட்டையைப் பார்ப்பது, குழாயின் தேதியைப் பார்ப்பது. பொருத்துவதற்குப் பயிற்சி பெற்றவர் கையொப்பம் வேண்டும் என்று கேட்பது. அந்தப் பயிற்சியைத் தொழிற்பயிற்சி நிலையங்களிலே கொடுத்தால், கரூரிலும் நாமக்கல்லிலும் நம் பிள்ளைகளுக்கு ஒரு கைத்தொழிலும் கூடும்.

அது வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஓட்டுநர் சங்கத் தோழர்கள் அடுத்த கூட்டத்திலே இதைப் பேசுங்கள். லாரியின் கருவிப்பெட்டியிலே சிலிண்டர் வைத்திருக்கிற தோழர், இன்றிரவே அதை வெளியே எடுத்து, வால்விலும் குழாயிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கட்டும். பெட்டியின் அடியிலே துளை இருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பார்க்கட்டும். இல்லையென்றால், நாளைக் காலை சுமை ஏற்றுமுன், சிலிண்டரையும் அடுப்பையும் தள்ளி வைத்துவிட்டு, வெல்டிங் பட்டறைக்கு ஒரு நடை போய் வரட்டும்.